34 வயதில் ஒரு கோல்ப் ஆட்டக்காரர் எந்தப் பக்கம் போகலாம்?

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்தில், தென்னைக்கும் முருங்கைக்கும் இடையே கரைவலை மடித் துண்டு ஒன்று, அதாவது மீன் வந்து சேரும் கடைசிப் பையின் துண்டு, இரண்டு மாதமாகத் தொங்குகிறது. டச்பார் பக்கத்து மீனவர் ஒருவர் பழையதென்று கொடுத்தார். கரைவலையின் மற்றப் பாகங்களில் கண் பெரிது, 42.67 மில்லிமீற்றர் விட்டமுள்ள கோல்ப் பந்து நுழைந்து அடுத்த வளவுக்குப் போய்விடும். மடியில் கண் சிறிது, நூலும் தடிப்பு. காலை ஐந்தரைக்கு என் மருமகன் அதற்கு முன்னால் நின்று பந்தடிக்கத் தொடங்குகிறான். முதல் வாரம் குரைத்துத் தள்ளிய பக்கத்து வீட்டு நாய் இப்போது கண்ணைக்கூடத் திறப்பதில்லை.

அவன் என் தங்கையின் மகன். பதினெட்டு வயதில் வேலை தேடிக் கொழும்புக்குப் போனவன். அங்கே கோல்ப் கழகமொன்றில் பை சுமக்கும் கெடியாகச் சேர்ந்தான். உறுப்பினர் ஒருவர் கழித்துவிட்ட மட்டைகளில் ஆடப் பழகி, மெல்ல மெல்லத் தொழில்முறை ஆட்டக்காரனானான். எட்டு வருடமாக இந்தியத் தொழில்முறைப் போட்டித் தொடரில் ஆடுகிறான். இப்போது மலைநாட்டுக் கழகம் ஒன்று, உதவிப் பயிற்றுவிப்பாளராக வருகிறாயா என்று கேட்டுக் கடிதம் அனுப்பியிருக்கிறது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் நாலு பேருக்கு நாலு யோசனை. அம்மாவுக்கு அவன் மலைநாட்டுக்குப் போனால் போதும். அப்பாவுக்கு அவன் தொடர்ந்து ஆட வேண்டும். டுபாயில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன் அங்கே வா என்கிறான். நண்பர்களோ பாசிக்குடாப் பக்கம் சொந்தமாக ஏதாவது தொடங்கு என்கிறார்கள். 31 வருடம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவன் என்பதால் தீர்ப்பு என்னிடம் வந்தது. எனக்குக் கோல்ப் தெரியாது. ஆனால் எட்டு வருடமாக அவனுடைய செலவுக் கொப்பியைச் சரிபார்க்கிறவன் நான்தான்.

முதலில் ஒரு சொற்சிக்கல். கோல்ப் உலகில் 'புரோ' என்ற ஒரே சொல்லை இரண்டு தொழில்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஒருவர் ஊர் ஊராகப் போய்ப் பரிசுப் பணத்துக்கு ஆடுபவர். மற்றவர் ஒரே கழகத்தில் இருந்து உறுப்பினருக்குக் கற்பிப்பவர், மட்டை திருத்துபவர், கடை பார்ப்பவர், மாதப் போட்டிகளை ஒழுங்குசெய்பவர். நூறு வருடத்துக்கு முன் இரண்டும் ஒரே ஆள்தான். பிரித்தானிய ஓப்பன் என்ற பெரும்போட்டியை ஐந்து தடவை வென்ற ஜேம்ஸ் பிரெய்ட் 1904 முதல் 1950இல் இறக்கும்வரை வோல்ட்டன் ஹீத் கழகத்தின் புரோவாகவே இருந்தார். பிறகு பரிசுப் பணம் பெருகியது, தொலைக்காட்சி வந்தது. அமெரிக்காவில் 1968இல் சுற்றுப்போட்டிக்காரர்கள் கழகப் புரோக்களின் சங்கத்திலிருந்து பிரிந்து தனியே போனார்கள். அதற்குப் பிறகுதான் கழகப் புரோ என்றால் 'ஆடி முடியாமல் போனவர்' என்ற எண்ணம் வேரூன்றியது. என் மைத்துனரின், அதாவது அவன் அப்பாவின், மனத்திலும் அதுதான் இருக்கிறது.

தொடரில் இன்னொரு வருடம் ஆடுவதிலிருந்து தொடங்குகிறேன். வீட்டில் அதிகம் சண்டை அதைப் பற்றித்தான்.

நம் நாட்டவர் அங்கே சாதிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அனுர ரோஹண 2002இல் பூசான் ஆசிய விளையாட்டு விழாவில் தனிநபர் வெள்ளிப் பதக்கம் பெற்றவர். தானும் புரோவாக ஆடிய நந்தசேன பெரேராவின் மகன் மிதுன் பெரேராவும், தங்கராஜாவும், பிரபாகரனும் இந்தியத் தொடரில் பெயர் பெற்றவர்கள். கடைசி இருவரின் பெயரையும் பத்திரிகையில் பார்க்கும்போதெல்லாம் என் மைத்துனர் அந்தப் பக்கத்தை வெட்டி எடுத்து வைக்கிறார். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் கொப்பி வேறு கதை சொல்கிறது. கோல்ப் தொடரில் ஆடுபவர் யாருக்கும் ஊழியரல்லர். வேலைக்குப் போக அவரே பணம் கட்ட வேண்டும். நுழைவுக் கட்டணம் ஒரு வரி. விசா, கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கு டிக்கெட், அங்கிருந்து அகமதாபாத்துக்கோ சண்டிகாருக்கோ இன்னொரு டிக்கெட், பைக்குத் தனிக் கட்டணம், இருவர் பகிர்ந்த அறை, கெடியின் வாரக் கூலி, பரிசு கிடைத்தால் அதில் கெடியின் பங்கு. கடைசியைத் தவிர மற்றதெல்லாம் போட்டி தொடங்குமுன் நிச்சயமாகத் தெரிந்த செலவு. வரவு மட்டும் தெரியாது. வழக்கமான நாலு நாள் போட்டியில் முதல் இரண்டு நாள், அதாவது 36 குழி, முடிந்ததும் 'கட்' விழும். கோட்டுக்கு மேலே நிற்பவர்கள் மற்ற இரண்டு நாளும் ஆடிப் பணம் பெறுவார்கள். கீழே நிற்பவர் இரண்டாம் நாள் மாலையே பையைக் கட்ட வேண்டியதுதான், பரிசு பூச்சியம். கடந்த வருடம் அவன் 14 போட்டி ஆடினான். எட்டில் 'கட்'டைத் தாண்டினான். அந்த எட்டிலும் வாரச் செலவை மீறிப் பணம் கொண்டுவந்தவை மூன்று. அந்த மூன்றின் மிச்சம் மற்றப் பதினொன்றின் ஓட்டையை அடைக்கவில்லை.

2022ஐத் தனியாகச் சொல்ல வேண்டும். மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்தது; மே மாதத்தில் 360ஐத் தொட்டது. அந்த வருடக் கொப்பியின் பக்கங்களில் நான் சிவப்பு மையால் வட்டமிட்ட இடங்கள் அதிகம். வெளிநாட்டுப் பணத்தில் பரிசு வாங்கினால் லாபம்தானே என்று கேட்பார்கள். வாங்கினால் லாபம்தான். செலவு மட்டும் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதே வெளிநாட்டுப் பணத்தில் போகும்.

எவ்வளவு தூரத்தில் பின்தங்கியிருக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "ஒரு சுற்றுக்கு ஒரு அடி, மாமா" என்றான். அடி என்றால் மட்டையால் அடிக்கும் அடி; குறைவாக அடிப்பவரே வெல்வார். நாலு நாளில் 72 குழிக்கு நாலு அடி. கேட்பவனுக்கு அது ஒன்றுமில்லை என்று தோன்றும்; கோல்ப் ஆட்டக்காரனைப் பல வருடம் கட்டிப்போடுவதும் அந்த 'ஒன்றுமில்லை'தான். உதைபந்தாட்டக்காரனுக்கு முப்பத்திரண்டில் முழங்கால் செய்தி சொல்லிவிடும். கூடைப்பந்தாட்டத்தில் குதிக்கிற உயரம் குறைந்ததும் பயிற்றுவிப்பாளர் வெளியே உட்கார வைத்துவிடுவார். கோல்ப் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. பில் மிக்கெல்சன் 2021இல் 50 வயதில் அமெரிக்காவின் பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் என்ற பெரும்போட்டியை வென்றார். டொம் வோட்சன் 2009இல் 59 வயதில் பிரித்தானிய ஓப்பனை வெல்லக் கடைசிக் குழிவரை வந்து, கூடுதல் குழிகளில் ஸ்டூவர்ட் சிங்கிடம் தோற்றார். இப்படியான கதைகள் ஓர் ஆட்டக்காரனின் தலையணைக்கு அடியில் எப்போதும் இருக்கும். 'இன்னும் ஒரு வருடம்' என்று சொல்ல எந்த வயதிலும் சாட்சி கிடைக்கும்.

இந்த வழியில் இன்னொரு பிழையும் இருக்கிறது. நம் நாட்டில் கோல்ப் கழகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1879இல் தொடங்கிய கொழும்புக் கழகம் இப்போது றோயல் கொழும்பு என்ற பெயரில் இருக்கிறது; அதன் திடலுக்குள்ளேயே களனிவெளி ரயில் ஓடுகிறது. நுவரெலியாவில் 1889இல் தொடங்கியது. கண்டிக்கு அருகே விக்டோரியா நீர்த்தேக்கத்தின் கரையில் ஒன்று, அம்பாந்தோட்டையில் ஒன்று. கிழக்கில் நமக்குத் திருகோணமலை சீனக்குடாவில் விமானப் படையின் திடல். கழகம் இவ்வளவென்றால் பயிற்றுவிப்பாளர் நாற்காலி எத்தனை இருக்கும்? ஒன்று காலியாவது அபூர்வம். இந்த வருடம் மறுத்தவன் அடுத்த வருடம் போய்க் கேட்டால், அதே நாற்காலியில் இன்னொருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்.

அடுத்தது மலைநாட்டுக் கழகம்.

ஒரு கழகப் புரோவின் நாள் எப்படியிருக்கும் என்று அவனிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். அலுவலகத்துக்குப் போகுமுன் பாடம் கேட்கும் உறுப்பினர்களுக்காகக் காலை ஆறு மணிக்கே திடலில் நிற்க வேண்டும். பத்து மணிக்குமேல் கடை. மதியத்தில் மட்டை திருத்தல். பின்னேரம் பிள்ளைகளின் வகுப்பு. வார இறுதியில் போட்டி அட்டவணை போட வேண்டும், மதிப்பெண் அட்டைகளைச் சரிபார்க்க வேண்டும். 2020இல் உலகம் முழுவதற்கும் ஒரே முறையாக வந்த ஹண்டிகேப் கணக்கையும், அதாவது ஆட்டக்காரரின் திறமைக்கேற்பக் கொடுக்கும் அடிச் சலுகையையும், அவர்தான் உறுப்பினருக்கு விளக்க வேண்டும். அந்த முறையில் உச்சவரம்பு 54. அதாவது குழந்தைபோலத் தட்டுகிற ஒருவரும் கையெழுத்திட்ட அட்டையோடு ஆட்டக்காரராகலாம். புரோவின் வருமானத்தில் பெரும்பகுதி அப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் வருகிறது என்பதை ஆட்டக்காரர்கள் ஏற்கச் சற்றுக் காலம் பிடிக்கும்.

மட்டை திருத்துவதை நான் என் விறாந்தையிலேயே பார்த்திருக்கிறேன். பழைய பிடியைக் கொக்கி போன்ற அலகுள்ள கத்தியால் நீளவாக்கில் கீறி உரிக்கிறான். அடியிலுள்ள பசைநாடாவைச் சுரண்டித் துடைக்கிறான். இரண்டு பக்கமும் ஒட்டும் புதிய நாடாவைச் சுற்றுகிறான். புதிய பிடியின் நுனித் துளையைப் பெருவிரலால் அடைத்து, உள்ளே டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, அதையே நாடாவின் மேல் கொட்டுகிறான். பிறகு ஒரே தள்ளு. நடுவில் தயங்கினால் பிடி பாதியில் இறுகிவிடும். வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. முழுவதும் ஏறியதும் ஒரு கண்ணை மூடி, பிடியிலுள்ள கோடு மட்டை முகத்துக்கு நேராக நிற்கிறதா என்று பார்க்கிறான், தச்சன் சட்டம் பார்ப்பதுபோல. ஒரு பையில் சட்டப்படி 14 மட்டை வரை இருக்கலாம். கழகத்தில் நூறு பேர் அடிக்கடி ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். எட்டு வருடப் பரிசுப் பணத்தில் நான் காணாத ஒழுங்கு இந்த விறாந்தை வேலையில் தெரிந்தது.

மேலும் ஒன்று, இது என் தொழில்புத்தி. நிரந்தர ஊழியனாகச் சேர்ந்தால் சம்பளத்தில் அவனுடைய 8 சதவீதமும் தொழில்தருநரின் 12 சதவீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகும். அதற்கு மேல் தொழில்தருநர் 3 சதவீதம் ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கட்டுவார். மாதச் சம்பளம் சிறிதானாலும் இருபது வருடத்தில் இது சின்னத் தொகையல்ல. எட்டு வருடம் ஆடியதற்கு இந்த வகையில் அவனிடம் இருப்பது ஒன்றுமில்லை. ஆனால் பல இடங்களில் பயிற்றுவிப்பாளரை ஊழியராக எடுப்பதில்லை, ஒப்பந்தக்காரராகவே வைத்துக்கொள்வார்கள். பாடக் கட்டணம் உனக்கு, அதில் ஒரு பங்கு கழகத்துக்கு, மற்றவை உன் பாடு என்பார்கள். இந்தக் கடிதத்திலோ 'நியமனம்' என்று ஒரு சொல்லும் 'ஒப்பந்தம்' என்று ஒரு சொல்லும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. எழுதியவர் எதை நினைத்து எழுதினாரோ தெரியவில்லை. கேட்டுத் தெளிய வேண்டிய முதல் விடயம் அதுதான்.

குறையும் சொல்லிவிடுகிறேன். கற்பிக்கிறவனின் சொந்த ஆட்டம் தேயும். நாள் முழுக்க மற்றவர்களின் கோணல் வீச்சைப் பார்த்த கண் மாலையில் தன் வீச்சைப் பார்க்காது. மலைநாட்டு உயரத்தில் காற்று இலேசு, பந்து அதிக தூரம் போகும். அங்கே பழகிய தூரக் கணக்கோடு கடலோரத் திடலுக்கு இறங்கினால் பந்து குறைவாகப் போய் விழும். மழையும் மூடுபனியும் வந்தால் பாடமில்லை. பாடமில்லாத நாளில் கட்டணமுமில்லை.

கழகப் புரோ இனி ஆடவே முடியாதா என்று என் மைத்துனர் கேட்டார். முடியும், அளவோடு. குளோட் ஹார்மன் விங்ட் ஃபுட் கழகத்தில் புரோவாக இருந்துகொண்டே 1948இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றார். இன்றைக்கும் அமெரிக்க பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பில் 20 இடங்களைக் கழகப் புரோக்களுக்கென்றே ஒதுக்குகிறார்கள். 2023இல் ஓக் ஹில்லில் அப்படி நுழைந்த கலிபோர்னியக் கழகப் புரோ மைக்கேல் பிளாக், கடைசி நாளில் உலகின் முன்னணி ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ரோயோடு ஆடியபோது பதினைந்தாம் குழியில் ஒரே அடியில் பந்தைப் போட்டார். சமநிலையில் 15ஆம் இடம், பரிசு 288,333 டொலர். இதைச் சொன்னதும் மைத்துனரின் முகம் மலர்ந்தது. அடுத்த வாரக் கதையையும் சொன்னேன். அழைப்பின் பேரில் டெக்சாஸில் ஆடப் போன அதே பிளாக் முதல் நாள் 81 அடித்தார், 'கட்'டைத் தாண்டவில்லை. அவர் திரும்பிப் போனது தன் பாடங்களுக்கும் உறுப்பினர்களுக்கும்தான். என் கணக்கில் அந்தக் கதையின் நல்ல பகுதி அந்தத் திரும்புதல். போவதற்கு ஓர் இடம் இருந்தது.

ஒரு உறவினர், தொழிலை விட்டு மறுபடி அமெச்சூராகி, அதாவது பணத்துக்கு ஆடாதவனாகி, வேறு வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் ஆடலாமே என்றார். விண்ணப்பித்து அந்தத் தகுதியைத் திரும்பப் பெற வழியுண்டு. ஆனால் அமெச்சூர் காசு வாங்கிக் கற்பிக்க முடியாது. 2022 விதிப்படி 1,000 டொலருக்கு மேல் பரிசும் வாங்க முடியாது. கையிலுள்ள ஒரே தொழிலைக் கழற்றி வைத்துவிட்டு வேறு எந்த வேலைக்குப் போவது? அந்த யோசனையை அன்றே மூடிவிட்டோம்.

டுபாய் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் கல்முனையிலும் வளைகுடாவைத் தெரியாத வீடு குறைவு. அதன் நன்மை தீமை எல்லோருக்கும் தெரியும். கோல்பைப் பொறுத்தவரை அங்கே பணம் இருக்கிறது, திடல் இருக்கிறது. எமிரேட்ஸ் கழகம் 1988இல் பாலைவனத்தில் புல் வளர்த்துத் திடல் அமைத்ததிலிருந்து அந்த நாடுகளில் கழகங்கள் பெருகிவிட்டன. கோடையில் நடுப்பகலில் யாரும் வெளியே நிற்க முடியாது. பாடங்கள் விடியலிலும் இரவு விளக்கொளியிலும் நடக்கும். அது பரவாயில்லை. ஆனால் அங்கே பயிற்றுவிப்பாளராகப் போகிறவரிடம் முதலில் கேட்பது சான்றிதழ். இவனிடம் இருப்பது ஆடிய அனுபவம். வெறுங்கையோடு போனால் பந்து பொறுக்குகிற, வண்டி கழுவுகிற வேலையில்தான் தொடங்க வேண்டிவரும். கெடியாக ஒருமுறை தொடங்கியவன் 34 வயதில் மறுபடி அதே படியிலா? இந்தியாவின் தேசிய கோல்ப் அகடமி பயிற்றுவிப்பாளர்களுக்குச் சான்றிதழ் வகுப்பு நடத்துகிறது. மலைநாட்டில் இருந்துகொண்டே அதை முடித்துவிட்டு, இரண்டு மூன்று வருடம் கழித்து டுபாய்க் கதவைத் தட்டினால் கதை வேறு. ஆகவே வளைகுடாவை நான் தள்ளவில்லை, தள்ளிப்போடுகிறேன்.

பாசிக்குடா யோசனைதான் மனத்துக்கு மிகவும் பிடித்தது. அதனாலேயே அதைச் சந்தேகித்தேன். வாழைச்சேனைப் பக்கம் மைத்துனருக்கு ஒரு காணி இருக்கிறது. அதில் பந்தடித்துப் பழகும் திடல் ஒன்று போட்டு, ஹோட்டல்களில் தங்கும் வெளிநாட்டவரை அழைத்தால் என்ன என்பது நண்பர்களின் கேள்வி. நீளம் குறைந்தது 250 மீற்றர் வேண்டும். காணி அதில் பாதிக்குமில்லை. கடல்மணலில் புல் பிடிக்க வேண்டும், கோடை முழுக்க நன்னீர் ஊற்ற வேண்டும். பயணிகள் வருவது ஏறக்குறைய ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை; பிறகு வாடைமழை. வருகிறவர் கடலுக்காக வருகிறவர். அவருடைய கையில் மட்டையைக் கொடுத்து ஒருநாள் சிரிக்க வைக்கலாம். வாராவாரம் பாடத்துக்கு வர அவர் இந்த ஊரில் இருக்கமாட்டார். பழகிய கைக்கு ஆடிப்பார்க்கச் சீனக்குடாதான் கிட்டிய திடல். அதற்கும் நெடுந்தூரம் ஓட வேண்டும். முற்றத்து வலை இருக்கட்டும், அதைத் தொழிலாக எண்ணவேண்டாம் என்றேன். நண்பர்களுக்கு என்மேல் கோபம்.

இவ்வளவும் கணக்கு. கணக்குக்கு வெளியே ஒரு பேச்சும் நடந்தது. ஒரு மாலை தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது என் மைத்துனர் சொன்னார்: "ஆட்டக்காரன் என்று ஊரில் பேர் எடுத்தவன் போய்ப் பணக்காரருக்குக் கைபிடித்துக் கொடுக்கிறதா?"

அவர் சொன்னதில் பழைய உண்மையொன்று இல்லாமலில்லை. கழகங்கள் புரோக்களை வேலைக்காரராகவே நடத்திய காலம் இருந்தது. 1920இல் இங்கிலாந்தின் டீல் திடலில் பிரித்தானிய ஓப்பன் நடந்தபோது, புரோக்களுக்குக் கழகக் கட்டடத்துக்குள் இடமில்லை என்றார்கள். அமெரிக்கர் வோல்டர் ஹேகன் பெரிய கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கழக வாசலுக்கு முன்னால் நிறுத்தி, அதற்குள் உடை மாற்றிக்கொண்டார். அந்தக் காலம் மாறிவிட்டது என்றாலும் முழுவதும் போய்விட்டதென்று நான் சத்தியம் செய்யமாட்டேன். மருமகன் எந்த வாசலால் உள்ளே போக வேண்டும், எங்கே சாப்பிட வேண்டும் என்பதையும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன்.

ஆனால் மைத்துனருக்கு நான் சொன்ன பதில் வேறு. நாங்கள் இருவரும் புனித மிக்கேல் கல்லூரியில் படித்தவர்கள். மட்டுநகரின் பெரிய மைதானத்துக்கு எந்த வீரனின் பெயரும் இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயர்தான் இருக்கிறது. எங்கள் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் என்றால் இன்றும் ஊரார் சொல்வது, பயிற்றுவித்த ஹேபர்ட் அடிகளாரின் பெயரை. 1990 ஓகஸ்டில் காணாமற்போனார் அவர். அவருடைய அணிகள் எந்த வருடம் எந்தக் கிண்ணத்தை வென்றன என்று மைத்துனரிடம் கேட்டேன். ஒன்றும் நினைவில்லை. அவர் விசிலை எந்தக் கையில் வைத்திருப்பார் என்று கேட்டேன். உடனே எழுந்து நின்று நடித்துக் காட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

எனக்குள் மிச்சமிருந்த தயக்கம் ஒன்றுதான்: நன்றாக ஆடுகிறவனெல்லாம் நன்றாகக் கற்பிப்பான் என்பதற்கு உத்தரவாதமில்லை. பொறுமையில்லாத பெரிய ஆட்டக்காரர் கழகத்தில் ஒரு வருடம் நிற்கமாட்டார். அதைக் கொப்பியில் பார்க்க முடியாது.

போன வாரம் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை, பதினொரு வயது, தினமும் வேலியோரம் நின்று பார்க்கிறவள், தானும் அடிக்கப் போகிறேன் என்று வந்தாள். ஏழாம் இரும்பு மட்டையை வெட்டிக் குட்டையாக்கி அவளிடம் கொடுத்தான். அவள் பத்துப் பதினைந்து தடவை வீசினாள், பந்து அசையவேயில்லை. அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, அவளுக்குப் பின்னாலும் முன்னாலும் மெதுவாக நடந்தான். எனக்கே பொறுக்கவில்லை, ஏதாவது சொல்லேன் என்று வாய்வரை வந்துவிட்டது. பிறகு கிட்டப் போய், "தயிர்ச்சட்டி தூக்கத் தெரியுமா?" என்று கேட்டான். தெரியும் என்றாள். "அந்தப் பிடி போதும். விழவும் கூடாது, நசுங்கவும் கூடாது." அவளுடைய தோள் இறங்கியது. ஆனாலும் பந்து தப்பியது. அடிக்கிற கணத்தில் அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்பது எனக்கு அப்போது தெரியாது, அவனுக்குத் தெரிந்திருந்தது. கண்ணைத் திற என்று அவன் சொல்லவில்லை. அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, தும்பு விரிப்பில் ஏதோ ஒன்றை வைத்து, அதன்மேல் பந்தை வைத்தான். "அடியில் ஒரு விதை இருக்கிறது. அடித்த பிறகு என்ன நிறம் என்று சொல்ல வேண்டும்."

அவள் வீசினாள். பந்து மடியில் போய்த் 'தப்' என்று விழுந்தது. அது எங்கே போனதென்று அவள் பார்க்கவில்லை. "சிவப்பு!" என்று கத்தினாள். மஞ்சாடி விதை.

இதை அவன் எங்கே கற்றான் என்று கேட்டேன். இப்போதுதான் தோன்றியது என்றான்.

ஆகவே என் தீர்ப்பு மலைநாடு. மூன்று நிபந்தனைகளைப் பென்சிலால் கடிதத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். ஊழியனா ஒப்பந்தக்காரனா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். ஊழியனென்றால் சேமலாப நிதி முதல் மாதத்திலிருந்து. வருடத்துக்கு ஆறு சுற்றுப்போட்டிக்கு லீவு; ஆறுக்கு மேல் கேட்டால் கொடுக்கமாட்டார்கள், ஆறுக்குக் கீழே போனால் அவனே வாடிவிடுவான். சான்றிதழ் வகுப்பின் செலவில் பாதியையாவது கழகம் ஏற்க வேண்டும். மறுத்தால் இதை மட்டும் விட்டுக்கொடுக்கலாம். முதல் இரண்டும் கிடைக்காவிட்டால், நாற்காலி அபூர்வம் என்று நானே சொன்னதையும் மீறி, திரும்பி வரட்டும் என்றும் எழுதினேன். அதை வாசித்துவிட்டு என் தங்கை இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நேற்று விடியற்காலை செங்கலடிச் சந்தியில் அவனை பஸ் ஏற்றிவிட்டேன். அந்த ஏ5 வீதியில் மகா ஓயா, பிபிலை, பதுளை என்று ஏறிக்கொண்டே போகலாம். பையைக் கொண்டு போகவில்லை. ஆடிக்காட்டப் போகவில்லை, பேசப் போகிறேன் என்றான். வெள்ளைச் சட்டை, கையில் கடிதம், காற்சட்டைப் பையில் ஐந்தாறு மஞ்சாடி விதை. பஸ் பிபிலையில் தேநீருக்கு நின்றபோது அழைத்தான். கடையைப் பற்றி நாம் பேசவேயில்லையே மாமா, அங்குள்ள சரக்கு யாருடைய பெயரில் வாங்குவது என்று கேட்டான். கழகத்தின் பெயரில் வாங்கட்டும், உனக்கு விற்பனையில் பங்கு கேள், பழைய சரக்கை உன் தலையில் கட்டப் பார்த்தால் எண்ணிக் கையெழுத்து வாங்கிக்கொள் என்றேன். நடத்துநர் விசில் அடிப்பது கேட்டது. எண்ணிக்கை எந்தத் திகதிக்கு என்று அவன் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்துவிட்டது.